ஆடியில் அடித்த கல்யாணக் கார்டு

கல்லாடி, கார்க்கள தாலுகா
6 ஜூன் 1998

அன்புள்ள வாரிஜாவுக்கு, உன் தாய்மாமன் தூமப்ப பூஜாரி எழுதுவது.

நான் அன்றைக்கே சொன்னேன். ஒன்றுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். குவாரி முதலாளி நாகேஷ் நம் நடைபாதையின் விளிம்பு வரைக்கும் செம்பாறையை வெட்டிக்கொண்டே போனபோது, பஸ் நிறுத்தத்தில் நாற்பது பேர் கேட்க, “இந்தக் குழி ஒருநாள் ஆளைத் தின்னும்” என்றேன். தின்றது, அதுவும் நம் வீட்டுப் பையனையே. உன் அண்ணன் தயானந்தன் ஓட்டுத் தொழிற்சாலையிலிருந்து சைக்கிளில் வந்த அந்தச் சாயங்காலம், மழையில் பாதையும் சிவப்பு, குழித்தண்ணீரும் சிவப்பு, இரண்டும் ஒரே மட்டம். வேலி இல்லை, ஒரு முள்செடிகூட இல்லை. நேராகத் தண்ணீருக்குள் ஓட்டிவிட்டான். வருகிற ஆகஸ்டில் இரண்டு வருஷம்.

அப்புறம் “நாகேஷ் ஒரு காகிதத்தோடு வருவான் பாருங்கள்” என்றேன். அதுவும் நடந்தது. போன செவ்வாய்க்கிழமை அவன் மேனேஜர் வந்தான். உன் அம்மா பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். ஒரு கவரை அவள் மடியில் வைத்து, “இதுல ஒரு கையெழுத்து, அவ்வளவுதான் லீலக்கா” என்றான். அக்கா பேனாவை வாங்கிவிட்டாள். நான் உள்ளே நுழைந்து சட்டத்தில் நான்கு பிரிவுகளை எடுத்துவிட்டேன். மேனேஜருக்கு வியர்த்துவிட்டது. ஒற்றைச் செருப்போடு ஓடினான். (ஒரு செருப்பு இன்னும் இங்கேதான் இருக்கிறது.)

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். மழை தொடங்கியதிலிருந்து தயானந்தனின் பிரம்பு நாற்காலி தினமும் விடிகிறபோது நனைந்திருக்கிறது. கூரை ஒழுகவில்லை. நானே ஏறி ஓடு ஓடாகத் தட்டிப் பார்த்தேன். துடைத்தால் துணி சிவக்கிறது, குழித்தண்ணீர் நிறம். அக்கா அதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை. துடைத்துவிட்டுக் காப்பி போடுகிறாள், இரண்டு தம்ளர்.

சோழி போட்டுப் பார்க்கச் சொன்னேன். நான் நினைத்ததேதான் வந்தது. அவனுக்கு இருபத்தொன்பது வயசாகிறது, பெண் கேட்கிறான். நம் பக்கம் செத்தவர்களுக்கும் வயது ஏறும், உனக்குத் தெரியாததா? கல்யாணமாகாமல் போனவனுக்கு, அவனைப் போலவே போன ஒரு பெண்ணைப் பார்த்துக் கட்டிவைக்காவிட்டால் வீட்டில் அடுத்த கல்யாணம் நிற்கும். உனக்கு வந்த இரண்டு வரனும் ஏன் தட்டிப்போயின என்று இப்போது புரிகிறதா? உயிரோடிருக்கிறவர்களுக்கு ஆகாத மாதம்தான் செத்தவர்கள் கல்யாணத்துக்கு ஆகும், வருகிற ஆடியில் முடித்துவிடலாம். பெண் தேடுகிற வேலையை என்னிடம் விடு. உயிரோடிருக்கிற பெண்களையே பதினெட்டுப் பேருக்குப் பார்த்துக் கொடுத்தவன் நான்.

இப்படிக்கு,
தூமப்ப மாமா


சயான், பம்பாய்
14 ஜூன் 1998

மாமாவுக்கு,

அம்மா கையெழுத்துப் போடாமல் தடுத்ததற்கு நன்றி. மற்றதற்கெல்லாம் நன்றி சொல்ல முடியவில்லை.

உங்களுக்கு ஞாபகம் இல்லாவிட்டால் நான் ஞாபகப்படுத்துகிறேன். அண்ணனைத் தூக்கிய அன்று போலீஸ்காரரிடம் நீங்கள் என்ன சொன்னீர்கள்? “எங்க பையன் மீன் மாதிரி நீந்துவான் சார், உடுப்பிக் கடல்ல ரெண்டு மைல் போய்ட்டு வருவான்.” அண்ணனுக்கு நீச்சலே தெரியாது. கோயில் குளத்தில் முழங்காலுக்கு மேல் இறங்கமாட்டான். பெருமைக்காக நீங்கள் சொன்ன அந்த ஒரு வரியை அவர் அப்படியே எழுதிக்கொண்டார். இவ்வளவு நன்றாக நீந்துகிறவன் மூழ்கினான் என்றால் குடித்திருந்தான் என்று முடித்துவிட்டார்கள். கேஸ் மூடிப்போனது அப்படித்தான்.

எங்கள் ஆபீஸுக்கு வரும் வக்கீலிடம் கேட்டேன். கார்க்களத்தில் பத்மராஜ் என்ற வக்கீலுக்கும் எழுதினேன். இருவரும் ஒன்றையே சொல்கிறார்கள். மூடிய போலீஸ் கேஸை மாஜிஸ்ட்ரேட் மூலம் திறக்கப் பார்க்கலாம். அசட்டையால் மரணம் என்று நிரூபணமானாலும் நாகேஷ் அபராதம் கட்டிவிட்டுப் போய்விடுவான், அம்மாவுக்கு ஒன்றும் வராது. இன்னொரு வழி, அம்மா நஷ்டஈடு கேட்டு சிவில் வழக்குப் போடுவது. அதை அம்மா மட்டும்தான் போடலாம். தங்கையான எனக்கு அந்த உரிமை கிடையாது. இறந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும், அதாவது ஆகஸ்ட் எட்டுக்குள். ஒரு நாள் தாண்டினாலும் கதவு சாத்தியாயிற்று. மேனேஜர் கொண்டுவந்த காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் இரண்டு கதவும் அன்றைக்கே சாத்தியாயிற்று. அதற்காகத்தான் அவன் வந்தான்.

பத்மராஜ் ஒரு சிக்கல் சொல்கிறார். குழி ஆபத்தானது என்று தனக்குத் தெரியாது, இருபது வருஷத்தில் ஒரு கோழிகூட விழுந்ததில்லை என்று நாகேஷ் சொல்வான். அதற்கு முன்பே யாராவது விழுந்திருந்தால், அது அவனுக்குத் தெரிந்திருந்தது என்று காட்ட முடிந்தால், வழக்கு பாதி ஜெயித்த மாதிரி. அப்படி யாராவது உண்டா என்று விசாரியுங்கள். விசாரிக்க மட்டும் செய்யுங்கள், மாமா.

கல்யாணத்தை அப்புறம் பார்க்கலாம். நாற்காலியை அடுப்பங்கரைக்கு மாற்றச் சொல்லுங்கள்.

வாரிஜா


கல்லாடி
28 ஜூன் 1998

அன்புள்ள வாரிஜாவுக்கு,

உன் கடிதத்தில் நீச்சல் விஷயத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அதை அத்தோடு விடு. மாமன் ஒரு கல்லில் இரண்டு மாங்காய் அடித்துவிட்டேன்.

நீ கேட்ட ஆள் கிடைத்துவிட்டது. உன் அண்ணனுக்குப் பெண்ணும் கிடைத்துவிட்டது. இரண்டும் ஒரே ஆள்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், 1987-ல், வடக்கே பாகல்கோட்டைப் பக்கத்திலிருந்து கல் வெட்ட வந்த கூட்டத்தில் ஒரு சின்னப் பெண், பேர் நீலவ்வா, ஒன்பது வயசு. ஒரு காதுத் தோடு குழி விளிம்பில் விழுந்துவிட்டது. எடுக்க இறங்கினாள், வழுக்கிப் போய்விட்டாள். நாகேஷின் ஆட்கள் அன்றே குழிக்குப் பின்னால் முந்திரி மரத்தடியில் புதைத்துவிட்டு, மொத்தக் கூட்டத்தையும் லாரியில் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். போலீஸும் இல்லை, பேப்பரும் இல்லை. இதைச் சொன்னவன் சீனப்பன். அந்தக் காலத்தில் குவாரியில் கணக்குப் பார்த்தவன், கள்ளுக்கடையில் என்னிடம் அழுதுகொண்டே சொன்னான். இப்போது குடகுப் பக்கம் காப்பித் தோட்டத்தில் இருக்கிறானாம்.

உயிரோடிருந்தால் இப்போது இருபது. நம் பையனுக்குப் பொருத்தமான வயசு. வேற்றூர்ப் பெண், குலம் கோத்திரம் பார்க்கத் தேவையில்லை. ஒரே தண்ணீரில் போனவர்கள், ஒருவரையொருவர் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். இதை அக்காவிடம் சொன்னபோது அவள் சுற்றிக்கொண்டிருந்த பீடியைக் கீழே வைத்தாள். அப்புறம், “அப்ப அவன் அங்க தனியா இல்லையா?” என்று மட்டும் கேட்டாள்.

நேற்றுக் காலை நாற்காலி காய்ந்திருந்தது. நான் பொய் சொல்லவில்லை, உன் அம்மாவைக் கேள்.

தூமப்ப மாமா


சயான், பம்பாய்
7 ஜூலை 1998

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை அழுகை வந்தது. மூன்றாவது தடவை சந்தேகம் வந்தது.

இது உண்மையா? நம் வீட்டுக் காவல் தெய்வமான பஞ்சுர்லி பூதத்தின் மேல் கை வைத்துச் சொல்ல முடியுமா? சீனப்பனை எப்படியாவது பிடித்து பத்மராஜிடம் கூட்டிப்போங்கள். அவர் வாக்குமூலம் இல்லாவிட்டால் இது கள்ளுக்கடைப் பேச்சு, அவ்வளவுதான். அதுவரை வழக்கு மனுவில் இந்தப் பெண்ணைப் பற்றி ஒரு எழுத்துகூட வரக்கூடாது என்று வக்கீல் சொல்லிவிட்டார். பொய் என்று தெரிந்தால் அம்மாதான் கூண்டில் நிற்பாள், நீங்கள் இல்லை.

கல்யாணத்துக்கு அம்மா ஆசைப்படுகிறாள் என்றால் நான் தடுக்கவில்லை. என்னால் வர முடியாது என்பது உங்களுக்கே தெரியும். கல்யாணமாகாதவர்கள் அதைப் பார்க்கக் கூடாது என்று நீங்கள்தானே சின்ன வயசில் பயமுறுத்தினீர்கள்? சொந்த அண்ணன் கல்யாணத்தைப் பார்க்க முடியாத தங்கை நானாகத்தான் இருப்பேன்.

பேசாமல் நடத்துங்கள். வீட்டுக்குள்ளேயே, நான்கு பேரோடு. எழுத்தில் எதுவும் வேண்டாம்.

வாரிஜா


கல்லாடி
28 ஜூலை 1998

அன்புள்ள வாரிஜாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை கல்யாணம் முடிந்தது. இந்தத் தாலுகாவில் இப்படி ஒன்று நடந்ததில்லை. எழுத்தில் வேண்டாம் என்று நீ எழுதிய கடிதம் கிடைத்தது, ஆனால் அதற்குள் கார்டு அடித்தாகிவிட்டது. இருநூறு. செத்தவர்கள் கல்யாணத்துக்குக் கார்டு அடித்தவன் இந்த ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான். அச்சுக்கூடத்துக்காரன் பயந்துகொண்டே அடித்தான். “எங்கள் தயானந்தனுக்கும், அதே குழியில் 1987-ல் விழுந்து இறந்த நீலவ்வாவுக்கும்” என்று தங்க எழுத்தில். பஸ் கண்டக்டர்களிடமெல்லாம் கொடுத்தேன். வந்தது பதினோரு பேர்தான். ஊர் பயந்துவிட்டது.

சொல்கிறேன் கேள். கல்யாணமாகாதவர்களையும் பிள்ளைகளையும் அனுப்பிவிட்டோம். இரண்டு நாற்காலி. ஒன்றில் வேட்டி சட்டை, ஒன்றில் பச்சைப் பட்டுச் சேலை. பெண் வீட்டுக்காரர்களாக என் நண்பன் காந்தப்பனும் அவன் பெண்டாட்டியும் நின்றார்கள். பெண் உடுத்திக்கொள்ளட்டும் என்று எல்லோரும் வெளியே வந்து கதவைச் சாத்தினோம். மழை இல்லாத நாள். உள்ளே நாற்காலிக் கால் நகர்கிற சத்தம் கேட்டது. காந்தப்பன் என்னைப் பார்த்தான், நான் அவனைப் பார்க்கவில்லை.

திறந்தபோது சேலையின் கரை நனைந்திருந்தது. மடிப்பு கலையவில்லை. கீழ் ஓரம் மட்டும், தண்ணீரில் நின்றவள் கரையேறி வந்த மாதிரி.

மற்றவர்கள் பின்வாங்கினார்கள். உன் அம்மா நின்ற இடத்திலேயே நின்றாள். மகனின் நாற்காலியைப் பார்த்து, “தள்ளி உட்காருடா, அவளுக்கு எடம் குடு” என்றாள். பிறகு வேட்டியையும் சேலையையும் ஏந்தி ஏழு சுற்றுச் சுற்றி, இலை போட்டு, கோழிக்கறியும் நீர்தோசையும் வைத்தோம். நான் சொல்லவேண்டிய மந்திரத்தை வழக்கமாக மூன்று மடங்கு நீட்டிச் சொல்வேன். அன்றைக்குச் சுருக்கிவிட்டேன்.

வழக்கு மனுவில் அக்கா வெள்ளிக்கிழமை கையெழுத்துப் போடுகிறாள். கெடுவுக்கு எட்டு நாள் முன்னாலேயே. பார்த்தாயா?

தூமப்ப மாமா


சயான், பம்பாய்
2 டிசம்பர் 1998

மாமாவுக்கு,

நாகேஷ் தரப்பு பதில் மனு போட்டுவிட்டது. கூடவே ஒரு சாட்சிப் பொருள். என்ன தெரியுமா? உங்கள் தங்க எழுத்துக் கார்டு.

பத்மராஜ் எனக்கு எழுதியதை அப்படியே தருகிறேன். எதிர் வக்கீல் கோர்ட்டில் அதை உயர்த்திப் பிடித்து, “கனம் கோர்ட்டார் அவர்களே, இறந்ததாச் சொல்ற ஆள் இறந்து ரெண்டு வருஷம் கழிச்சுக் கல்யாணம் பண்ணியிருக்கார். ஒண்ணு அவர் உயிரோட இருக்கணும், இல்ல இந்தக் குடும்பத்துக்குப் புத்தி சரியில்லாம இருக்கணும்” என்றாராம். எல்லோரும் சிரித்தார்களாம். அம்மா முன் வரிசையில் உட்கார்ந்திருந்தாளாம். மனைவி இருக்கும்போது தாய் மட்டும் எப்படி வழக்குப் போட்டாள் என்றும் ஒரு கேலி.

நீச்சலில் ஒரு தடவை கெடுத்தீர்கள். இப்போது இன்னொரு தடவை. உங்களால் ஒரு விஷயத்தை அது இருக்கிற அளவுக்கே சொல்ல முடியாதா?

ஒரே ஒரு இடம் பத்மராஜுக்குப் பிடித்திருக்கிறது. நாம் மனுவில் அந்தப் பெண்ணைப் பற்றி எழுதவில்லை. அவர்களே அந்தக் கார்டைக் கோர்ட்டில் வைத்து, அதே குழியில் 1987-ல் ஒருத்தி விழுந்தாள் என்ற வரியையும் தங்கள் கையாலேயே உள்ளே கொண்டுவந்துவிட்டார்கள். நீதிபதி அந்த வரியை இரண்டு தடவை படித்தாராம். இதை விசாரிக்காமல் விட முடியாது என்றாராம். ஆகவே சீனப்பன் வேண்டும். அவரைக் கொண்டுவராவிட்டால் அம்மா பொய் சொல்கிறாள் என்று ஆகிவிடும், வழக்கு அதோடு முடிந்தது.

சீனப்பன் எங்கே?

வாரிஜா


கல்லாடி
20 டிசம்பர் 1998

வாரிஜா,

குடகுக்குப் போய்வந்தேன். சீனப்பன் போன வருஷமே செத்துவிட்டான். பாம்பு கடித்ததாம்.

மழைக்காலம் முடிந்து இரண்டு மாதமாகிறது. கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது. இரண்டு நாற்காலியும் நனைந்திருக்கின்றன. இரண்டாவதற்குக் கீழே தரையில் ஈரக் கால்தடம் தெரிகிறது. சின்னப் பெண்ணின் தடம் இல்லை. வளர்ந்தவள் கால்.

வேறு எழுத ஒன்றும் இல்லை.

தூமப்பன்


கல்லாடி
11 பிப்ரவரி 1999

அன்புள்ள வாரிஜாவுக்கு,

நான் அன்றைக்கே சொன்னேனா இல்லையா? உட்கார்ந்துகொண்டு படி.

நேற்றுக் காலை நம் முற்றத்தில் ஒரு ஆள் நின்றான். தலைப்பாகை, மூட்டை, உள்ளங்கை முழுக்கக் கல் வெட்டிய தழும்பு. பேர் பசப்பா. கையில் நம் கல்யாணக் கார்டு, நான்காக மடித்து, மஞ்சள் தடவி. தசராவுக்கு ஊர் திரும்பிய கல் வெட்டுகிறவன் ஒருவன் இங்கே ஒரு டீக்கடைச் சுவரில் ஒட்டியிருந்ததைப் பிய்த்துக்கொண்டு போயிருக்கிறான், அங்கே பள்ளிக்கூட வாத்தியார் படித்துக் காட்டியிருக்கிறார். மூன்று பஸ் மாறி வந்திருக்கிறான்.

“எம் பொண்ணுக்கு நீங்கதான் கல்யாணம் பண்ணீங்களா?” என்றான்.

வாரிஜா, அவன் நீலவ்வாவின் அப்பா. எல்லாம் நான் எழுதியபடியே. 1987, அந்தக் குழி, முந்திரி மரத்தடி, அன்றைய லாரி. போகும்போது ஒரு காகிதத்தில் கைநாட்டு வாங்கியிருக்கிறார்கள். என்ன எழுதியிருந்தது என்று அவனுக்கு இன்றுவரை தெரியாது. அதே லாரியில் போன இன்னொரு ஆளும் சாட்சி சொல்ல வருகிறானாம். பத்மராஜ் வக்கீல் அவனை உட்காரவைத்துப் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டார். குழிக்குப் பின்னால் கூட்டிப்போனோம், முந்திரி மரத்தடியில் எந்த இடம் என்று கேட்காமலே நின்றான்.

பிறகு வீட்டுக்கு வந்து நாற்காலிகளைப் பார்த்தான். தொடவில்லை. உன் அம்மாவை “சம்பந்தி” என்று கூப்பிட்டுவிட்டு, ரொம்பத் தயங்கி, “இப்ப எவ்வளவு உயரம் இருக்கா?” என்று கேட்டான்.

அக்கா தன் தோளில் கையை வைத்துக் காட்டினாள். “இவ்வளவு. எனக்கு வெத்தலை மடிச்சுக் குடுக்கற அளவுக்கு வளந்துட்டா.”

அவன் மூட்டையிலிருந்து ஒரு டஜன் பச்சைக் கண்ணாடி வளையல் எடுத்துச் சேலை மேல் வைத்தான். அப்புறம் ஒரு துணி முடிச்சு. அதை அக்காவிடம் கொடுத்தான். உள்ளே என்ன என்பதை உன் அம்மா உனக்கு எழுதச் சொன்னாள்: ஒரு காதுத் தோடு. ஒன்றுதான்.

தூமப்ப மாமா


சயான், பம்பாய்
20 பிப்ரவரி 1999

மாமாவுக்கு,

மன்னிப்புக் கேட்டு எழுதுகிற முதல் கடிதம் இது. நான் உங்களை நம்பவில்லை. நம்பியிருக்க வேண்டும்.

பசப்பாவுக்கு ஏதாவது வழி உண்டா என்று இங்கே கேட்டேன். ஒன்றும் இல்லை. இரண்டு வருஷக் கெடு எப்போதோ போய்விட்டது. போலீஸ் கேஸுக்கும் காலம் தாண்டிவிட்டது. அந்தக் கைநாட்டு வேறு. அவர் நமக்காகச் சாட்சி சொல்லலாம், தனக்காக ஒன்றும் கேட்க முடியாது. அதை அவருக்கு எப்படிச் சொன்னீர்கள்? பத்மராஜ் எழுதுகிறார், எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் பசப்பா, “எழுத்துல அவ பேரு வருமா?” என்று மட்டும் கேட்டாராம்.

மார்ச் பதினேழு விசாரணை. உங்களையும் கூண்டில் ஏற்றுகிறார்கள். 1987 சாவு உங்களுக்கு யார் மூலம் தெரிந்தது என்று எதிர் வக்கீல் கேட்பார். சீனப்பன் எங்கே, எப்போது சொன்னார் என்று நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வேறு எதையும் சேர்க்காதீர்கள்.

என்னை ஒன்று தூங்கவிடாமல் செய்கிறது. தோடு விழுந்ததை நீங்கள் ஜூன் இருபத்தெட்டாம் தேதிக் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அது என் கையில் இருக்கிறது, தபால் முத்திரையோடு. கார்டில் தோட்டைப் பற்றி இல்லை. பசப்பா பத்மராஜிடம் சொல்லியிருக்கிறார், தோடு விழுந்ததைத் தான் யாரிடமும் சொல்லவில்லையாம். அவளுக்கு அதற்காக அடி கொடுத்திருக்கிறார். ‘போய்த் தேடி எடுத்துட்டு வா’ என்று அனுப்பியதும் அவர்தானாம். பதினோரு வருஷமாக மனைவியிடம்கூடச் சொல்லவில்லையாம். அப்படியானால் கணக்கு எழுதுகிற சீனப்பனுக்கு அது எப்படித் தெரியும்?

ஒருவேளை அவர் தூரத்திலிருந்து பார்த்திருப்பார். அப்படித்தான் இருக்கும், இல்லையா? எழுதுங்கள்.

வாரிஜா


கல்லாடி
21 மார்ச் 1999

அன்புள்ள வாரிஜாவுக்கு,

முதலில் நல்ல செய்தி. ஜெயித்தாகிவிட்டது. நாகேஷ் தரப்பு ராஜிக்கு வந்துவிட்டது. பாதையோரம் குழி வெட்டியதும், வேலி போடாததும், ஆபத்து முன்பே தெரிந்திருந்ததும் தன் தவறுதான் என்று கோர்ட் காகிதத்தில் ஒத்துக்கொண்டிருக்கிறான். அக்கா பெயருக்கு நஷ்டஈடு. ஒரு மாதத்துக்குள் குழியைச் சுற்றிக் கல் சுவர். உன் அம்மா இன்னும் ஒன்று கேட்டாள். காகிதத்தில் நீலவ்வாவின் பெயரும் தேதியும் வர வேண்டும், இல்லாவிட்டால் கையெழுத்து இல்லை என்றாள். பணத்துக்குப் பேரம் பேசாத ஆட்கள் அதற்கு ஒரு மணி நேரம் பேரம் பேசினார்கள். கடைசியில் எழுதினார்கள். பசப்பா அந்த வரியைத் தனக்குக் காட்டச் சொல்லி, அதன் மேல் விரலை வைத்துக்கொண்டே நின்றான். எழுத்து தெரியாதவன், ஆனால் விரல் நகரவில்லை.

இது எப்படி நடந்தது என்று சொல்கிறேன். பசப்பாவும் அவன் கூட்டாளியும் பேசி முடித்தபோதே நாகேஷ் முகம் சுண்டிவிட்டது. அப்புறம் என்னைக் கூப்பிட்டார்கள். புது வேட்டி, பொத்தான் போட்ட சட்டை. சத்தியப்பிரமாணம் செய்தேன். எதிர் வக்கீல் கிட்டே வந்து, “இந்தப் பெண் செத்தது உங்களுக்கு யார் சொன்னது?” என்று கேட்டார்.

சீனப்பன் என்று சொல்ல வாயைத் திறந்தேன். நீச்சல் தெரியாதவனைத் தண்ணீரில் தள்ளின மாதிரி இருந்தது, சத்தம் வரவில்லை. கூண்டின் கட்டையைப் பிடித்திருந்தேன். கையை எடுத்துப் பார்த்தால் உள்ளங்கை ஈரம், கொஞ்சம் சிவப்பு. வியர்வை என்று வைத்துக்கொள். நீதிபதி “பதில் சொல்லுங்க பெரியவரே” என்றார். அதற்குள் நாகேஷ் எழுந்து தன் வக்கீலின் கோட்டைப் பிடித்து இழுத்தான். பேசிக்கொள்ள நேரம் கேட்டார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் யாருக்கும் தேவைப்படவில்லை. நான் கீழே இறங்கிவிட்டேன்.

வெளியே வந்து உன் அம்மாவிடம், நான் நின்ற நிலைக்குப் பயந்துதான் நாகேஷ் ராஜிக்கு வந்தான் என்று சொன்னேன். அவள் சிரித்தாள். இரண்டரை வருஷத்தில் முதல் தடவை. உன் வரன் விஷயமாக மூடபித்ரியிலிருந்து ஒரு கடிதம் வந்திருக்கிறது, அதையும் சொல்லச் சொன்னாள். பதினெட்டாம் தேதியிலிருந்து இரண்டு நாற்காலியும் காய்ந்திருக்கின்றன.

கோர்ட்டில் பதில் சொல்லாமல் விட்ட கேள்வியை நீயும் கேட்டிருக்கிறாய். பத்து நாளாகப் பேனாவை எடுத்து எடுத்து வைக்கிறேன். சத்தியம் செய்ததற்கு ஒரு இடத்திலாவது பதில் சொல்ல வேண்டும், அது உன்னிடமே இருக்கட்டும்.

உன் ஜூன் மாதக் கடிதம் வந்த அன்று, நீச்சல் விஷயத்தைப் படித்துவிட்டு, குழிக்கரையில் போய் உட்கார்ந்திருந்தேன். என் வாயால் அந்தப் பையனுக்கு நீதி போயிற்று. முன்னால் யாராவது விழுந்திருந்தால் வழக்கு ஜெயிக்கும் என்று நீ எழுதியிருந்தாய். கதை கட்டுவதுதானே எனக்குத் தெரிந்த ஒரே வேலை என்று நினைத்தேன். யாரும் விசாரிக்க முடியாதபடி தூரத்து ஊர் ஒன்று, ஊர் திரும்பிவிட்ட கூட்டம் ஒன்று. அவள் பெயரை உனக்கு எழுதும்போது யோசிக்கவேயில்லை, பேனா நிற்காமல் எழுதியது. தோட்டையும் அப்படித்தான் எழுதினேன், கதை நம்பும்படி இருக்கட்டும் என்று. முந்திரி மரத்தையும் அப்படித்தான்.

சீனப்பன் என்று ஒருவன் இருந்தான். செத்துப்போனது நிஜம்தான். அவன் என்னிடம் எதுவும் சொன்னதில்லை.

எனக்கு யாரும் சொல்லவில்லை, வாரிஜா. நீலவ்வாவை நான்தான் கட்டிவிட்டேன்.

தூமப்ப மாமா